பதினாறு கட்டமும் ஓர் இடைவெளியும்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு ‘இடைவெளி சார்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. முப்பத்தொரு வருடம் தேர்வுப் பிரிவில் எழுத்தர். எந்த அறையில், எந்த பெஞ்சில், யாருக்குப் பக்கத்தில் யார் உட்காரக் கூடாது என்று கட்டம் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. தேர்வு நாளில் வாசலில் நின்றுகொண்டு, “இடைவெளி, இடைவெளி விடு!” என்று தொண்டை கிழியக் கத்துவார். மைதானத்தில் இரண்டு பேர் தோளில் கை போட்டு நடந்தால் போதும், அடுத்த தேர்வில் ஒருத்தன் முதல் வரிசை, இன்னொருத்தன் கடைசி வரிசை. சிநேகிதத்தை மோப்பம் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் ஓய்வு பெற்றார். ஆறு நாள் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஏழாம் நாள் காலை, செய்வதற்கு ஒன்றும் கிடைக்காமல், பின்வாசல் படியில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். பாதி தேய்க்கும்போது தொலைபேசி அடித்தது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். அந்த நேரம் பார்த்து, காயப்போட்ட துணியை எடுக்க மனைவி படியில் கால் வைத்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து நாலு மாதம் ஆகிவிட்டது. மருத்துவர், “நடக்கலாம். நடக்கணும்” என்று சொல்லிவிட்டார். அவளும் நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை நடந்தாள். பின்வாசல் வந்ததும் திரும்பிவிடுவாள். விழுவதற்கு முன் அந்தக் கொல்லைப்புறம் முழுக்க அவளுடைய ராஜ்ஜியம். விடிந்தால் தொட்டிச் செடிகளோடுதான் முதல் பேச்சு, புருஷனோடு இரண்டாவது. இப்போது தொட்டிகள் காய்ந்து கிடந்தன. பார்க்க வந்தவர்கள் எப்படி விழுந்தாய் என்று கேட்டால், “கால் வழுக்கிடுச்சு” என்பாள், அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றியது யார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்தச் சொல்லாத சொல் அவரை உட்கார விடவில்லை, படுக்க விடவில்லை. கட்டிலில் அவள் இடுப்பு இடித்துவிடும் என்று சாக்குச் சொல்லி, நாலு மாதமாக முன்னறை சோபாவில்தான் படுக்கை.

அப்போதுதான் செல்போனில் அந்த மேட்டுப் பாத்தியைப் பார்த்தார். இடுப்பு உயரத்தில், கால் வைத்த மரப்பெட்டி. நாலடிக்கு நாலடி. கயிறு கட்டி அடிக்கு ஓர் அடியாகப் பிரித்தால் பதினாறு கட்டம். ஒரு கட்டத்தில் தக்காளி என்றால் ஒன்று, கீரை என்றால் நாலு, வெங்காயம் என்றால் ஒன்பது, கேரட் என்றால் பதினாறு. குனியவே வேண்டாம். கட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு நாலு மாதத்தில் முதன்முறையாகப் பசித்தது.

“பெட்டி தயாரானா வெளிய வருவியா?”

“பாக்கலாம்” என்றாள் அவள்.

அந்த ஒரு வார்த்தையில் மனிதர் தன் உயிரையே தொங்கப் போட்டுவிட்டார்.

தச்சர் வந்தார். எங்கே வைப்பது என்று கேட்டார். இடைவெளி சார் கொல்லைப்புறத்தின் கோடியைக் காட்டினார். பின்னால் மதில், ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு பக்கம் குளியலறைச் சுவர். “மூணு பக்கமும் அணைப்பா இருக்கும். ஆடாது, அசையாது” என்றார். தச்சர் தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் இவர் உள்ளே போய் வரைபடத்தில் உட்கார்ந்துவிட்டார். பெட்டி நின்றது. இருபத்தேழு வாளி மண்ணும் தொழுவுரமும் தென்னைநார்த் தூளும் கலந்து கொட்டினார். முதுகு பிடித்துக்கொண்டது. அதுகூட அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்தது; யாராவது அவரைத் தண்டிக்க வேண்டாமா?

செடிகளிலும் கூட்டாளி உண்டு, பகையாளி உண்டு என்று படித்தபோதுதான் வினை ஆரம்பித்தது. கேரட்டும் வெங்காயமும் நல்ல சிநேகிதம். பீன்சுக்கும் வெங்காயத்துக்கும் ஆகாது. தக்காளிக்குப் பக்கத்தில் செண்டுமல்லி இருந்தால் நல்லது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு முதல் வரைபடத்தை அவளிடம் நீட்டினார்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “கேரட்டும் வெங்காயமும் பிரெண்ட்ஸ்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் ஏன் இது ஒரு மூலை, அது ஒரு மூலை?”

“பக்கத்துல பக்கத்துல வெச்சா...”

“வெச்சா என்ன, பார்த்து எழுதிடுமா?”

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கை தன் பாட்டுக்கு முப்பத்தொரு வருடப் பழக்கத்தில் கட்டம் போட்டுவிட்டது. நாலு மாதத்தில் அவள் கேலி பேசியது அன்றுதான். அதற்காகவே இன்னொரு தப்புப் பண்ணலாம் போல இருந்தது அவருக்கு.

ஆனால் மனம் நிலைகொள்ளவில்லை. இரண்டாவது வரைபடம், மூன்றாவது, ஆறாவது. பீன்ஸ் கொடி வளர்ந்து கீரைக்கு வெயிலை மறைத்தால்? தக்காளி இடம் போதாமல் நோயில் விழுந்தால்? செடி ஒன்று செத்தாலும் அவள் மறுபடி உள்ளே போய்விடுவாளே! பேனாவோடு கொல்லைப்புறத்துக்கு நடப்பார், திரும்பி வருவார், அழிப்பார். இதற்கிடையில் ஜன்னலோரம் காகிதக் கோப்பைகளில் இருந்த நாற்றுகள் வெயிலைத் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து, வெளிறி, தலை தொங்க ஆரம்பித்தன. நட வேண்டிய நாள் தாண்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது. இன்னும் ரெண்டு நாள் போனால் அத்தனையும் குப்பைக்குத்தான்.

பதினோராவது வரைபடம் கச்சிதமாக வந்தது. உயரமானவை பின்வரிசை, குள்ளமானவை முன்வரிசை, சிநேகிதர்கள் பக்கம் பக்கம், விரோதிகளுக்கு நடுவே இரண்டு கட்டம். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தாத குறை. அவள் மடியில் வைத்துவிட்டு, வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தடவினாள். பிறகு காகிதத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“ஏங்க, இதுல நான் எங்க நிப்பேன்?”

“முன்னாடிதான்.”

“முன்னாடி நின்னா என் கை ரெண்டு அடிதான் எட்டும். தக்காளி, பீன்ஸ் எல்லாம் பின்னாடி ரெண்டு வரிசையில வெச்சிருக்கீங்க. மூணு பக்கமும் சுவரு. நான் மண்ணு மேல ஏறிப் படுக்கணுமா?”

அவர் ஓடிப்போய்ப் பெட்டியின் முன் நின்று கையை நீட்டிப் பார்த்தார். அவர் நெடிய ஆள். அவருக்கே மூன்றாவது வரிசையோடு சரி. ஊருக்கெல்லாம் இடைவெளி விடச் சொன்னவர், ஒரு ஆள் நிற்க இடம் விடவில்லை. பதினோரு வரைபடத்தில் ஒன்றில்கூட அவள் இல்லை.

அங்கேயே தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து வாளியை எடுத்தார்.

மறுநாள் காலைக்குள் பெட்டி காலி. தச்சர் வந்து பார்த்துவிட்டு, “அன்னைக்கே சொல்ல வந்தேன் சார், நீங்க எங்க கேட்டீங்க? மூலையில இருந்து வெளிய இழுத்து நடுவுல அறுத்துடலாம். ரெண்டடி அகலத்துல ரெண்டு பெட்டி. நாலு கால் புதுசா போடணும், அவ்வளவுதான்” என்றார்.

“நடுவுல எவ்வளவு இடம் விடலாம்?”

“அதை அம்மாகிட்ட கேளுங்க. நிக்கப்போறது அவங்கதானே?”

அவர் உள்ளே போய் நாலுகால் ஊன்றுகோலின் அகலத்தை அளந்தார். அவள் அதைச் சற்றுத் தூக்கிக் காட்டினாள். பன்னிரண்டாவது வரைபடத்தில் எட்டுக் கட்டம் இந்தப் பக்கம், எட்டுக் கட்டம் அந்தப் பக்கம். எந்தச் செடி எங்கே என்று அவர் எழுதவே இல்லை. நடுவில் விட்ட மூன்றடியில் மட்டும் ‘நீ’ என்று எழுதி, அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

மத்தியானத்துக்குள் மண் மறுபடி பெட்டிகளில் ஏறியது. தச்சர் போய்விட்டார். நாற்றுக் கோப்பைகளை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு திரும்பினால், பின்வாசலில் அவள். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு படியைப் பார்த்தாள். படி காய்ந்துதான் இருந்தது. அவள் விழுந்த நாளிலிருந்து அந்தப் படியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழ அவர் விட்டதில்லை.

தட்டைக் கீழே வைத்தார். இப்போது சொல்லாவிட்டால் இனிமேல் எப்போதும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது. சொன்னால் அவள் திரும்பிப் போய்விடலாம். போனால் போகட்டும்.

“அன்னைக்குப் படியில சோப்புத் தண்ணி ஊத்தினது நான்தான். ஃபோன் வந்துச்சு, அப்படியே விட்டுட்டுப் போயிட்டேன்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“தெரியும். இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?”

“இத்தனை மாசமா ஏன் ஒண்ணும் கேக்கல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா சோபாவுக்குப் போயிட்டீங்க. இடுப்பு வலியக்கூடத் தாங்கிட்டேங்க.”

அவர் படிக்கு நாலடி தள்ளி அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

“அங்கேயே நின்னா எப்படி? நாத்து வாடுது. கிட்ட வந்து கையைப் பிடிங்க.”

அவர் கிட்டே போனார்.