படலையோடு திருப்பி அனுப்பிய நண்பர்

மூன்று கிழமைக்கு முன்பு, காதர் நானாவை வாசற்படலையோடு திருப்பி அனுப்பினேன். நான்தான். வேறு யார்மேலும் பழி போட வழியில்லை.

நானா என் கணவரோடு துறைமுகக் களஞ்சியத்தில் இருபது வருடம் வேலை செய்தவர். கிண்ணியாவிலிருந்து பாதை என்கிற மிதவைப் படகில் குடாவைக் கடந்து, செக்பொயின்ட் ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறி, தயிர்ச் சட்டியும் கையுமாக வந்து நின்றார்.

"ஒரு பார்வை பாத்திட்டுப் போறன், தங்கச்சி."

"குறை நினைக்காதீங்கோ நானா. ஒருத்தரையும் உள்ளுக்கு விடுறேல்ல. சளி கட்டினா ஆளைக் காப்பாத்த ஏலாது."

சட்டியை மதிலில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

ஏன் இந்தக் கல்நெஞ்சு என்பீர்கள்... ஒப்பரேஷனுக்குப் பிறகு கணவர் கழுத்தில் போட்ட குழாயால்தான் மூச்சு விடுகிறார். பேச்சு இல்லை; சிலேட்டில் எழுதுவார். நமக்கு மூக்கு காற்றை வடிகட்டித் தருகிறது. அவருக்கோ காற்று நேரே நெஞ்சுக்குள்! கை கழுவாமல் குழாயைத் தொடக் கூடாது. சாப்பாடு கொடுக்கும்போது தலைமாட்டை உயர்த்த வேண்டும். விறகடுப்பைப் பின்வளவுக்குத் தள்ளினேன். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கும் லீவு.

மனிதர்களை என்ன செய்வது? எங்கள் ஊரில் நோய் வருத்தம் பார்க்க வருகிறவர்கள் கட்டிலிலேயே இருந்து, கையைப் பிடித்துக்கொண்டுதான் கதைப்பார்கள். தும்மலும் அங்கேதான். அதனால் எல்லோரையும் நிறுத்தினேன். இரண்டு மாதம் காய்ச்சல் அண்டவில்லை. எனக்குப் பெருமை வேறு.

அன்று நானா போவதை ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த கணவர், சிலேட்டை நீட்டினார். "நெஞ்சில சளி இல்லை. வீட்டில ஆளும் இல்லை."

குசினிக்குள் போய், சட்டி பானைகளுக்கு நடுவே நின்று அழுதேன்.

மறுநாள் கிளினிக்கில் நர்ஸிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இருமல், தடிமன் உள்ளவையைத்தானே அக்கா மறிக்கச் சொன்னனான்? மற்றவை கையைக் கழுவிப்போட்டு, தள்ளிக் கதிரையில இருக்கட்டும். அவருக்கும் ஆள் வேணுமெல்லோ?"

ஓம், வேணும். எனக்கும்தான்.

படலையடியில் ஒரு வாளி தண்ணீரும் கை கழுவப் புதுச் சவர்க்காரக் கட்டியும் வைத்தேன். நானாவுக்குக் கடிதம் போட்டேன். அதற்குள் அந்தப் பக்கம் சண்டை தொடங்கிவிட்டது... பாதை ஓடவில்லை. அயலவர்களிடம் நானே போய் வாய்விட்டுக் கூப்பிட்டேன். "பிறகு வாறம்" என்றார்கள். எத்தனை தரம் துரத்தினேன், ரோஷம் இருக்காதா?

வாளித் தண்ணீரைத் தினமும் மாற்றுகிறேன் — சவர்க்காரத்தில் பொறித்த எழுத்துத்தான் இன்னும் அழியவில்லை.