சந்தனத்தில் ஒட்டிக்கொண்ட ஆலைப் புத்தகம்

அப்பாவுக்குக் கண் மங்கிய வருடம், எங்கள் வீட்டுக்கும் தோட்ட நிர்வாகத்தில் கெடு வைத்துவிட்டார்கள். எழுபதுகளின் கடைசி அது. மலேசியாவில், சுங்காய் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த தோட்டம். வேலைப் பதிவில் ஒருவர் பெயராவது இருந்தால்தான் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வீடு. அப்பா வேலையை விட்டதும், தீபாவளிக்குள் நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போக வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். அம்மா காலமாகி இரண்டு வருடம். அப்பாவுக்கு நான் மட்டும்தான்.

பால் வெட்டுவதை நான் கேவலமாக நினைக்கவில்லை. அம்மா அதில்தான் என்னை ஐந்தாம் படிவம் வரை படிக்க வைத்தார். ஆனால் எனக்கு எழுத்து வேலை வேண்டும். அதுவும் அப்பா தடவித் தடவி நடக்கப் பழகிவிட்ட இந்தத் தோட்டத்திலேயே வேண்டும்.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் போய்க் கேட்டதும் சிரித்தார். "இங்க எழுத என்ன இருக்கு? மரத்துக்குக் கடுதாசி போடப் போறியா? ஈப்போ டவுனுக்குப் போ லா."

"இருக்கு. நீங்க பாக்கல," என்று சொல்லிவிட்டு நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். நான் கெஞ்சவில்லை. "தாயே, நான் போக மாட்டேன். வேலைய இங்க கொண்டு வா. தீபாவளி வரைக்கும் தினமும் விளக்குப் போடுறேன். அதுக்கப்புறம் உம்பாடு," என்றேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

ஆயுத பூசை வந்தது. தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் புதுக் கொதிகலன் வைத்திருந்தார்கள். அதைக் கோயிலுக்குத் தூக்கிவர முடியாதே. அதை ஓட்டுகிற முனியாண்டி அண்ணன், அதன் ஆங்கில வழிகாட்டிப் புத்தகத்தைக் கொண்டுவந்து அம்மன் காலடியில் வைத்தார். ஒரு பக்கமும் விட்டுப்போகக் கூடாதென்று பக்கம் பக்கமாகச் சந்தனத்தைக் குழைத்துப் பூசினார். காய்ந்ததும் புத்தகம் பலகையாகிவிட்டது.

இரண்டு நாளில் கொதிகலன் மக்கர் செய்தது. ஈப்போவிலிருந்து வந்த எஞ்சினியர் புத்தகத்தைக் கேட்டார். இருந்தது அந்த ஒன்றுதான். தேடிக்கொண்டு கோயிலுக்கே வந்துவிட்டார். நான் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் பிரிச்சு எழுதித் தாரேன்," என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஈரத் துணியால் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்தேன். நான்கு நாள். ஆங்கிலத்தில் ஒரு படி எடுத்தேன். எதைத் திறக்குமுன் எதை மூட வேண்டும், எப்போது கிட்டே போகவே கூடாது என்பதெல்லாம் அதில் இருந்தது. கொதிகலனை ஓட்டிய ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. முனியாண்டி அண்ணன் பேசுகிற தமிழிலேயே எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன்.

எஞ்சினியர் பழுதைச் சரிசெய்தார். அண்ணன் என் தாளைப் படித்துப் படித்து, தானே கொதிகலனை ஓட்டிக் காட்டினார். "இத்தன நாளு கண்ண மூடிக்கிட்டுல்ல திருகியிருக்கோம்," என்றார். ஆலையின் எல்லா இயந்திரங்களுக்கும் இப்படி எழுத வேண்டும் என்று எஞ்சினியர் மேனேஜரிடம் சொன்னார்.

தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது, மேனேஜர் சொல்லி, அதே கிராணி வேலைப் பதிவைத் திறந்தார்.

"என்ன வேலன்னு போடுறது?"

"எழுத்து வேலைன்னு போடுங்க."

போட்டார். அப்பா கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தார்.

தாயே, உனக்குக் கோடி நன்றி. இதைக் கேட்கிறவர்களே, இல்லை என்று எவன் சொன்னாலும் திரும்பி வராதீர்கள். அவளிடம் போய்ச் சண்டை போடுங்கள். விளக்கை மட்டும் நிறுத்தாதீர்கள். நான் இன்றும் நிறுத்தவில்லை.