அரைக் கலனும் ஒரு விரலும்

கனகசுந்தரம் அண்ணை முள்ளை நம்பமாட்டார். பெற்றோல் அளவு காட்டும் முள் அரைவாசியில் நின்றால், "அது காட்டும், அதுக்கென்ன" என்பார். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் டக் படகொன்றில் இருபத்தொன்பது வருடம் எஞ்சின் டிரைவராக இருந்தவர். வேலைக்கு ஏறும்போதெல்லாம் பித்தளைக் கோல் ஒன்றைத் தாங்கிக்குள் விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் டீசல் எவ்வளவு கிடக்கிறது என்று ஒத்துக்கொள்வார். அளவெல்லாம் விரல்தான். "மூண்டு விரல் கிடக்கு, காணும்" என்றால் அன்றைய ஓட்டத்துக்குப் போதும். அவருடைய படகு நடுக்கடலில் எண்ணெய் முடிந்து நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த மனிதனுக்குத்தான் ஸ்போர்ட்ஸ் காரில் ஆசை வந்தது. வந்தது என்று எழுதுவது பிழை. முப்பது வருடமாக இருந்தது, வாய் திறந்து சொன்னது கடைசியில்தான்.

கார் நின்றது உவர்மலையில், துறைமுகத்துக்குள் கப்பல் கொண்டுவரும் பைலட் ஒருவருடைய வீட்டில். பச்சை நிறம். இரண்டு பேர்தான் இருக்கலாம். துணிக் கூரை, கம்பிச் சில்லு. வெள்ளைக்காரக் கடற்படை போகிற நேரத்தில் எவனோ விற்றுவிட்டுப் போனது. பைலட் அதில் ஜெட்டிக்கு வந்து இறங்குவதை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த அண்ணை டக்கின் மேல்தட்டில் நின்று பார்த்திருக்கிறார். அந்தச் சத்தம் காதில் ஏறியது இறங்கவில்லை.

பைலட் காலமாகிவிட்டார். 1994 கடைசியில் அண்ணையும் ஓய்வுபெற்றார். அடுத்த தை மாதம் சண்டை நின்றுவிட்டது என்று றேடியோ சொன்னது. அதே கிழமை பைலட்டின் மனைவி இராசமலர் அம்மா, தான் கொழும்புக்கு மகளிடம் போவதாகவும் காரைக் கொடுக்கப்போவதாகவும் சொல்லியனுப்பினார். அண்ணை நேரே என்னுடைய கராஜுக்கு வந்து, கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"ரத்தினம், அந்தக் காரை வைச்சு ஓட என்ன வரும்?"

"முதல் விசர் வரும். பிறகு செலவு வரும்."

அவர் சிரிக்கவில்லை. நானும் விடவில்லை. ரெண்டு காபிறேற்றர், ஒன்று ஒரு மாதிரிக் குடித்தால் மற்றது வேறு மாதிரிக் குடிக்கும், இரண்டையும் ஒத்துப்போக வைக்கவே எனக்கு ஒரு நாள் போகும் என்றேன். அந்த அளவுக்கு டயர் இந்த ஊரில் இல்லை, ஒரு கம்பி முறிந்தால் கம்பிக்குக் கொழும்பு போகவேண்டும் என்றேன். கிண்ணியாவில் இருந்து மீன் லொறி ஓட்டும் ஜவாஹிர், லொறிக்குப் பிரேக் பார்க்க வந்தவன், பக்கத்தில் குந்தியிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணன், ரெண்டு பேர் போறதுக்கு நாலு சில்லு என்னத்துக்கு? சைக்கிள் இருக்குதானே" என்றான். "எங்கட பாதையில ஏத்திப் பாருங்க. வயிறு தட்டி, முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது." பாதை என்று அவன் சொன்னது கிண்ணியா ஆற்றில் வாகனம் ஏற்றும் மிதவையை.

"நான் கிண்ணியாவுக்குப் போறதுக்கு வாங்கேல்ல."

"அப்ப எங்க போகப் போறீங்க?"

எங்கே என்று எனக்குத் தெரியும்.

அவருடைய மனைவி கமலாதேவி அக்காவின் சீதன வீடு நிலாவெளி றோட்டில், ஏழாம் கட்டையில், பட்டினத்தில் இருந்து ஏழு மைல். தொண்ணூறில் சண்டை தொடங்க, கட்டின சீலையோடு வெளிக்கிட்டார்கள். பிறகு வீட்டுக்கு எதிரில் இராணுவ முகாம் வந்துவிட்டது. அந்த இடத்தில் வாகனம் நிற்பாட்டக் கூடாது, இறங்கக் கூடாது. பஸ்ஸில் போனால் போகலாம். அக்கா இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் நிலாவெளியில் இருக்கும் தங்கையைப் பார்க்கிற சாட்டில் பஸ் ஏறுவா. சனத்துக்கு நடுவில் நின்று, குனிந்து, யாரோ ஒருவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதற்குள் வீடு போய்விடும். ஐந்து வருடத்தில் கூரையின் ஒரு மூலையைத்தான் கண்டிருக்கிறா.

"ஒரு ஓட்டோ பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகலாமே அண்ணை" என்றேன்.

"போகலாம்." கதிரையை விட்டு எழும்பினார். "எனக்கு அந்தக் காரும் வேணும், ரத்தினம்."

பொய் சொல்லத் தெரியாத ஆள். அதற்குப் பிறகு அவரோடு மல்லுக்கட்ட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த நாள் கணக்கோடு வந்தார். ஓய்வுபெறும்போது கிடைத்த சேமலாபப் பணத்தில் பாதி காருக்கு. மீதி வங்கியில் கிடக்க, அதன் வட்டியில் வரிப்பத்திரம், காப்புறுதி, டயருக்கு ஒதுக்குவது, என்னுடைய கூலி எல்லாம் கழித்தால், மாதம் அரைக் கலன், அதாவது இரண்டேகால் லீற்றர், பெற்றோலுக்குத்தான் மிச்சம். வீட்டுக்குப் போய்வர, ஏழும் ஏழும் பதினாலு மைல்.

"அரைக் கலனில போய் வந்துதெண்டா வாங்குவன். இல்லாட்டி இல்ல."

"புத்தகத்தில கலனுக்கு முப்பது மைல் எண்டு கிடக்கு. அப்ப பதினைஞ்சு மைல் போகும்."

"புத்தகம் வெள்ளைக்காரன்ர றோட்டில எழுதினது."

ஆகவே ஓடித்தான் பார்க்கவேண்டும். தாங்கியில் இருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, அரைக் கலன் பிடிக்கும் வினாகிரிப் போத்தல் ஒன்றை முன் கண்ணாடிச் சட்டத்தில் ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டினோம். அதிலிருந்து சேலைன் குழாய் ஒன்று பொனெற்றுக்குள் இறங்கும். போத்தலின் நடுவில் சிவப்புப் பூச்சால் கோடு. வீடு வரும்போது பெற்றோல் அந்தக் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் கார் வேண்டாம். இராசமலர் அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாருங்கோ தம்பி, நல்லாப் பாருங்கோ. அவர் ஒருநாளும் பெற்றோலைப் பாத்து ஓடினவர் இல்ல. அதாலதான் இப்ப நான் காரை விக்கிறன்."

சாம்பல்தீவுப் பாலத்தில் இராணுவம் வாகனம் சோதிக்கும் சென்றிக்கு முதல் நாளே போய், இப்படி ஒரு கார் போத்தலோடு வரும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவைத்தேன். எனக்குச் சிங்களம் வாயில் ஓடும். ஏழாம் கட்டை முகாமுக்குச் சொல்லவில்லை. அங்கே நிற்பாட்டுகிற எண்ணம் எங்களுக்கு இல்லை. வீட்டைத் தாண்டும்போது கோட்டைப் பார்ப்பது, கொஞ்சம் போய்த் திரும்புவது. அவ்வளவுதான் பேச்சு.

சனிக்கிழமை காலை. போத்தலைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்கவேண்டியவன் நான். வந்து பார்த்தால் கமலாக்கா கத்தரிப்பூச் சேலையும் குடையுமாக ஏறி இருக்கிறா.

"அக்கா, அது என்ர இடம்."

"போத்திலைப் பாக்கிறதுக்குப் படிப்பு வேணுமோ?"

அண்ணை கையுறை போட்டபடி சொன்னார்: "விடு. வாங்கினா இவதானே இருக்கப்போறா. இவவின்ர பாரத்தோட பாக்கிறதுதான் சரியான கணக்கு."

நான் மோட்டார் சைக்கிளில் ஒரு கானில் பெற்றோல் கட்டிக்கொண்டு பின்னால் போனேன், இடையில் முடிந்தால் ஊற்றுவதற்கு. முதல் மூன்று மைல் அந்தக் கார் போன போக்கை என்னால் மறக்க ஏலாது. அண்ணையின் கழுத்து நிமிர்ந்திருந்தது. அக்காவின் குடை மடியில். பாலத்தில் கார் போய்விட்டது, என்னைப் பிடித்துவிட்டார்கள். காரைப் பற்றிச் சொன்னவன் கானைப் பற்றிச் சொல்லவில்லை. இருபது நிமிடம் விளக்கம் சொல்லி, கானை அங்கேயே பொறுப்பு வைத்துவிட்டுத்தான் போனேன்.

ஏழாம் கட்டையில் கார் நின்றது. நடு றோட்டில் நின்ற அதற்குள் ஒருவருமில்லை. மண்மூட்டைக்குப் பின்னால் இருந்து நாலைந்து துவக்கு. றோட்டின் மறுகரையில் அண்ணையும் அக்காவும் முகாமுக்கு முதுகு காட்டிக்கொண்டு, தலையில் கைவைத்தபடி நின்றார்கள். கண்ணாடியில் கட்டின போத்தல், உள்ளே ஏதோ திரவம், அதிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாய். நிற்பாட்டக் கூடாத இடத்தில் நிற்பாட்டி, ஆட்கள் இறங்கியும் விட்டார்கள். யார் பார்த்தாலும் என்னவென்று நினைப்பான்?

நான் தூரத்திலேயே மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு, சிங்களத்தில் கத்தினேன். ஒரு இளம் அதிகாரி வந்தான்.

"போத்தலில் என்ன?"

"பெற்றோல், சேர்."

"பெற்றோல் இருக்கவேண்டியது தாங்கியில். ஏன் தொங்குது?"

"எவ்வளவு ஓடும் எண்டு அளக்க, சேர்."

நம்பவில்லை. பெரிய இடத்துக்குக் கதைத்தார்கள். அரை மணித்தியாலம் போனது. கடைசியில் ஒருவன் படுத்து ஊர்ந்து போய்க் குழாயை வெட்டி, போத்தலை மணலில் கவிழ்த்து, மணந்து பார்த்துவிட்டு, பெற்றோல்தான் என்றான். அதிகாரி மண்மூட்டைக்குப் பின்னால் இருந்து எழுந்து வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினான். கம்பிச் சில்லைத் தொட்டுப் பார்த்தான். இந்த நாட்டில் கார் பார்க்கிற எவனும் கேட்பதை அவனும் கேட்டான்.

"லீற்றருக்கு எவ்வளவு ஓடுது?"

அண்ணை தலையில் இருந்து கையை எடுக்காமலே தமிழில் சொன்னார்: "அதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். நீங்கள் ஊத்திப்போட்டியள்."

நான் பாதியைத்தான் மொழிபெயர்த்தேன். அவனுடைய வாய் ஒரு பக்கம் இழுபட்டது. பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, இனி ஒருநாள் இந்த இடத்தில் நிற்பாட்டினால் காரும் திரும்பிப் போகாது, நீங்களும் திரும்பிப் போகமாட்டீர்கள் என்றான்.

பாலத்துக்குப் போய்க் கானை எடுத்து வந்து, தாங்கிக் குழாயைத் திரும்பப் பூட்டி, தாங்கிக்குள் ஊற்றி, கராஜுக்குத் திரும்பும் மட்டும் எனக்கு வாயில் வந்ததெல்லாம் கெட்ட வார்த்தை. அக்கா இருந்ததால் விழுங்கினேன்.

"உங்களுக்கு மூளை கிடக்கோ? யார் நிப்பாட்டச் சொன்னது? அக்கா கேட்டவவோ?"

"அவ ஒண்டும் கேக்கேல்ல." அண்ணை கையுறையைக் கழற்றினார். "கழுத்தை நீட்டினா. என்ர கை தன்பாட்டில போய் எஞ்சினை நூத்துப்போட்டுது."

அக்கா அந்தக் கதையிலேயே இல்லை. "பின்பக்கம் கூரை இல்ல, ரத்தினம்" என்றா. "கிணத்துக் கப்பி கிடக்கு. கயிறு இல்ல. தேசிமரம் காய்ச்சுக் கிடக்கு." தலையில் கைவைத்து நின்ற அரை மணித்தியாலமும், ஐந்து வருடம் கிடைக்காததை முழுக்கப் பார்த்திருக்கிறா. திரும்பி நில் என்று அவன்கள் நிற்பாட்டின பக்கம்தான் வீடு.

"சரி. போத்தலும் போச்சு, கணக்கும் போச்சு" என்றேன்.

"கணக்குப் போகேல்ல. இறங்க முதல் பாத்தனான். சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் மேல."

"அப்ப போய்வரக் காணும். வாங்குங்கோவன்."

அவர் காரைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார். "நிப்பாட்ட விடமாட்டாங்கள். ஏழு மைல் போய், ஒரு மூச்சுக்குள்ள தாண்டி, ஏழு மைல் வாறதுக்கு பஸ் காணும். இதுக்குக் கார் என்னத்துக்கு?"

முப்பது வருட ஆசையை ஒரு மனிதன் கதிரையில் இருந்தபடி கீழே வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசில்லை. ஸ்பானரைத் தேடுகிற மாதிரி நான் உள்ளே போனேன். அக்காவின் குரல் கேட்டது.

"நிப்பாட்ட வேண்டாம். அந்த இடத்தில மெல்லப் போங்கோ."

"மெல்லப் போறதெண்டா ரெண்டாம் கியர். வேலி தொடங்கி முடியும் மட்டும் ரெண்டாம் கியரில போனா எஞ்சின் குடிக்கும், கமலா."

"எவ்வளவு குடிக்கும்?"

அண்ணை யோசித்தார். எஞ்சினைக் காதால் அளந்த ஆள். "போக ஒருக்கால், வர ஒருக்கால்… ஒரு விரல்."

"அதுதானே மிஞ்சிக் கிடக்கெண்டு சொன்னீங்கள்."

திங்கட்கிழமை வாங்கினார்.

மாசியில் ஒருமுறை போனார்கள், பங்குனியில் ஒருமுறை, ஏப்பிரல் முதல் கிழமை ஒருமுறை. வேலி தொடங்கும் இடத்தில் கூரை மடித்த பச்சைக் கார் ரெண்டாம் கியருக்கு விழும். முகாம் வாசலில் நிற்பவனுக்கு அண்ணை தலையாட்டுவார். அக்கா மறுபக்கம் பார்ப்பா. ஒவ்வொரு முறையும் வந்து எனக்குச் சொல்லுவா. தேசிக்காய் எல்லாம் விழுந்து கிடக்கிறது. ஒரு ஆடு கட்டியிருக்கிறார்கள். யாரோ கப்பிக்குக் கயிறு போட்டிருக்கிறார்கள். கயிற்றைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் மாறியது. யாருடைய கயிறு என்று நான் கேட்கவில்லை.

தமிழ் வருடம் பிறந்து நாலைந்து நாளில் துறைமுகத்துக்குள் நின்ற கடற்படைப் படகுகள் வெடித்தன. சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு சொந்த வாகனத்தைப் பாலத்துக்கு அங்கால் விடுவதில்லை.

இப்போது மூன்று வருடம். கொழும்பில் இருந்து இரண்டு பேர் நல்ல விலை கேட்டு வந்தார்கள். அண்ணை கொடுக்கவில்லை. கார் என்னுடைய கராஜின் பின்பக்கம் தறப்பாளுக்குக் கீழே நிற்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை இருவரும் நடந்து வருவார்கள். தறப்பாளை எடுப்போம். எஞ்சினைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார், எரிந்ததை அளந்து திரும்ப ஊற்றுவார். பெற்றோல் கிடந்தால் கெட்டுப்போகும். இடைக்கிடை பழையதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றிவைக்கிறேன். அதை அவரிடம் சொல்வதில்லை, கூலியும் கேட்பதில்லை. அளவு மட்டும் பிசகக் கூடாது, கண்டுபிடித்துவிடுவார்.

அக்கா குடையை மடியில் வைத்துக்கொண்டு தன் இடத்தில் ஏறி இருப்பா. அண்ணை பித்தளைக் கோலைத் தாங்கிக்குள் விட்டு எடுத்து, நனைந்த இடத்தில் விரலை வைப்பார்.

"அரைக் கலன் கிடக்கு. போய்வரக் காணும்."

"அந்த ஒரு விரல்?"

திரும்பவும் கோலை விட்டுப் பார்ப்பார்.

"அதுவும் கிடக்கு, கமலா."