ஒரு பொய் எடிட்டர் பாஸான நாள்

ஐம்பது வயதைத் தாண்டிய என் தங்கைக்கு ஒரு வேலை கிடைக்கப் பார்த்தது. கண்ணுக்கே தெரியாத ஒரு எழுத்து அதைக் கெடுக்கப் பார்த்தது.

பெங்களூரில் பல வருஷம் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவளை அவளுடைய கம்பெனி ஒரு வீடியோ அழைப்பில் வீட்டுக்கு அனுப்பியது. அந்தத் தொழிலில் அந்த வயதுக்காரர்களை மறுபடி யாரும் எடுப்பதில்லை. "உங்கள் அனுபவத்துக்கு ஏற்ற இடம் எங்களிடம் இல்லை" என்று மரியாதையாக எழுதுவார்கள். வயது என்று எழுதினால் வழக்கு வருமே. சித்தூரில் என் வீட்டிலேயே வந்து இரு என்றேன்.

"உங்கிட்ட இருந்தா காலைல லேட்டா எழுந்ததுக்குக்கூடக் காரணம் எழுதித் தரணும்ணா" என்றாள்.

திருப்பதியில் ஒரு மாடிப் போர்ஷன் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலேயே ஓர் எடிட்டர் எழுத ஆரம்பித்தாள். திரையில் திறந்து கடிதம் அடிக்கிற எடிட்டர் இல்லை இது. கட்டளை கொடுத்தால், வந்துகொண்டே இருக்கும் வரிகளை ஒவ்வொன்றாகத் திருத்தி வெளியே விடுகிற பழைய யூனிக்ஸ் காலத்துக் கருவி. அதையே வேகமாகவும் பத்திரமாகவும் புதிதாக எழுதுவதுதான் அவள் திட்டம். கீழ்வீட்டு ஓனர், மலையில் கைங்கரியம் பார்த்து ஓய்ந்த வைஷ்ணவர், நான் அங்கே போயிருந்த ஒருநாள் படியேறி வந்து என்னிடம் விசாரித்தார்.

"எடிட்டர்னா பேப்பர்ல இருப்பாளே, அவாளா?"

"இல்ல சாமி. உங்க கியூவில கதவாண்ட ஒருத்தர் நிப்பார் இல்ல? ஒவ்வொருத்தரா வராங்க. செல்போன் வெச்சிருந்தா வாங்கிக்கணும், மத்தவங்களை அப்படியே விட்டுடணும். போனவங்களைத் திரும்பிப் பாக்கக் கூடாது, வரப்போறவங்களை எட்டிப் பாக்கக் கூடாது. ஆளுக்குப் பதிலா வரி. அவ்ளோதான்."

"அப்போ ஜருகண்டி சொல்றவன்னு சொல்லும்."

"அவரேதான். இப்ப அவர் எடத்துல புதுசா ஒருத்தரை நிறுத்தப் போறா என் தங்கச்சி. பழையவர் யாரை விட்டாரோ இவரும் அவங்களை விடணும். யாரைத் தடுத்தாரோ தடுக்கணும். அதைப் பாக்கறது என் வேலை."

"சம்பளம்?"

"இட்லி."

குற்றம் கண்டுபிடிக்கும் வேலையைச் சர்வீஸ் முழுக்கப் பார்த்தவன் நான். மாவட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றேன். அங்கே கம்ப்யூட்டர் வந்த காலத்தில், அதைத் தொட்டால் பொறுப்பு வரும் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். கூட வந்த கையேட்டை முழுக்கப் படித்தவன் என்பதால் என் தலையில் கட்டினார்கள். நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கிச் செய்துமுடிக்கிற ஷெல் என்ற புரோகிராமுக்கு ஸ்கிரிப்ட் எழுதக் கற்றது அப்படித்தான். தங்கையின் எடிட்டருக்கு நான் எழுதிய ஒவ்வொரு ஸ்கிரிப்டும் ஒரே காரியத்தைச் செய்யும்: ஒரு கட்டளையைப் பழைய எடிட்டரிடமும் புதிய எடிட்டரிடமும் கொடுக்கும், இரண்டு பதில்களையும் ஒப்பிடும். பழையது எதைச் செய்கிறதோ அதுவே சரி. முன்னுதாரணம் இருந்தால் யோசிக்க வேண்டாம் என்பது அரசாங்கத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாடம். இந்தத் துறையிலும் அதுதான் முதல் பாடம் என்று தெரிந்தபோது, மாற்றலாகிச் சொந்த ஊருக்கே வந்துவிட்டதுபோல இருந்தது.

கையேட்டில் உள்ள ஒவ்வொரு விதிக்கும் ஒரு டெஸ்ட். காலிக் கோப்பு, ஒரே வரி, மிக நீள வரி, தமிழும் தெலுங்கும் கலந்த வரி, முடிவே இல்லாத கடைசி வரி. பதில்கள் ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் 'எதிர்பார்த்தது', 'வந்தது' என்று இரண்டு பத்திகளில் அச்சடித்ததுபோல நேராக நிற்கும். அந்த இரண்டு பத்திகளில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இதற்கிடையில் பெங்களூர்க் கம்பெனி ஒன்று அவளுடைய எடிட்டரைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டது. அவர்களிடம் ஏகப்பட்ட சர்வர்கள். ஒவ்வொன்றின் அமைப்புக் கோப்புகளையும் இந்த எடிட்டர்தான் அடிக்கடி சரிபார்த்துத் திருத்தும். திருத்த வேண்டியது ஒன்றும் இல்லையென்றால் கோப்பு அப்படியே இருக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த சர்வர் தன்னைத் தானே அணைத்துப் போட்டுக்கொள்ளும். சனிக்கிழமை மாலைக்குள் அனுப்புங்கள், திங்கட்கிழமை சோதித்துப் பார்க்கிறோம், தேறினால் எடிட்டரும் எங்களுக்கு, நீங்களும் எங்களுக்கு என்றார்கள்.

நான் உடனே ஒரு விதி போட்டேன்: வியாழக்கிழமைக்குப் பிறகு புரோகிராமை யாரும் தொடக் கூடாது. வியாழக்கிழமை எல்லாம் பச்சை. வெள்ளிக்கிழமையும் பச்சை. சனிக்கிழமை காலை சித்தூரில் திருப்பதி பஸ் ஏறினேன். எடிட்டரை வழியனுப்பும் வைபவத்தில் கலந்துகொள்வதைத் தவிர எனக்கு வேலை இல்லை.

வேலை இல்லாதபோதுதான் எனக்குச் சந்தேகம் வரும். எதைக் கொடுத்தாலும் பாஸ் செய்கிற செக்‌ஷனை நான் நம்பியதே கிடையாது. அப்படிப்பட்ட இடங்களுக்கு நான் ஒரு வைத்தியம் வைத்திருந்தேன். ஒரு பள்ளிக் கட்டடப் பழுதுபார்ப்பு வரைவின் நடுவில், 'மேற்படி கட்டடம் சில மாதங்களாகப் பால் கறப்பதை நிறுத்திவிட்டது' என்று ஒரு வரி சேர்த்து மேலே அனுப்பினேன். போன இடமெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பத்திரமாகத் திரும்பி வந்தது.

ஜன்னலோர சீட். மடியில் லேப்டாப்பைத் திறந்தேன். தங்கையின் எடிட்டர் இருந்த இடத்தில், அதே பெயரில், நான் எழுதிய ஒரு பொய் எடிட்டரை வைத்தேன். வருவதை அப்படியே வெளியே விடும், எதையும் திருத்தாது. டெஸ்ட்களை ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு. நல்லது, டெஸ்ட்கள் விழித்திருக்கின்றன. அடுத்த பொய்யன் முதல் வரியை விழுங்குவான். அதுவும் சிவப்பு. சந்திரகிரி நெருங்கும்போது மூன்றாமவனை எழுதினேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, கடைசியில் மட்டும் சும்மா நாலைந்து காலி வரிகளைப் போட்டுவிட்டுப் போவான்.

பச்சை. மறுபடி ஓட்டினேன். மேலிருந்து கீழ்வரை பச்சை.

என்னையும் அறியாமல் சிரித்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்த கண்டக்டர், "ஏம் சார், ரிசல்ட் வச்சிந்தா? பாஸா?" என்று, ரிசல்ட் வந்துவிட்டதா எனத் தெலுங்கில் கேட்டார்.

"பாஸ் காகூடனி வாடு பாஸய்யாடு" என்றேன். பாஸாகக் கூடாதவன் பாஸாகிவிட்டான் என்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதுபோலத் தலையாட்டிவிட்டு அவர் அடுத்த சீட்டுக்குப் போனார்.

நான் மாடியேறியபோது தங்கை இட்லித் தட்டும் கையுமாக வந்து கதவைத் திறந்தாள்.

"இன்னாண்ணா, காலங்காத்தால சிரிச்சிக்கினே வர? எதை ஒடைச்ச?"

"உக்காரு. துன்னு முடி. அப்புறம் காட்றேன்."

அவள் முடிக்கவில்லை. பொய்யனை ஓட்டிக் காட்டினேன். பச்சை வரிகள் ஓடி முடியும்வரை பார்த்தாள். பிறகு என் ஸ்கிரிப்டைத் திறந்து, ஒப்பிடும் இடத்துக்குப் போய், இடதுகை விரலால் திரையைத் தொட்டாள்.

"டாலர் போட்டு அடைப்புக்குறிக்குள்ள எழுதி, வர்றதை வேரியபிள்ல வாங்கி வெச்சிக்கினு கீற."

"ஆமா." வேரியபிள் என்றால், வந்த பதிலைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் பெட்டி.

"அப்படி வாங்கினா, கடைசில இருக்கிற நியூலைனை எல்லாம் ஷெல் துன்னுடும்ணா. எத்தினி இருந்தாலும் துன்னுடும்."

நியூலைன் என்பது ஒவ்வொரு வரியின் முடிவிலும் நிற்கும், கண்ணுக்குத் தெரியாத எழுத்து. என்டர் தட்டினால் விழுவது. ஷெல்லின் இந்தப் பழக்கத்தை நானும் கையேட்டில் படித்தவன்தான்.

"தெரிஞ்சிக்கினேவா இப்படி எழுதின?"

"வேரியபிள்ல வெச்சாத்தான் ரெண்டு பத்தியா நேரா அச்சாகும்னு..."

"ஆபீஸ் புத்தி" என்றாள். அதற்குமேல் திட்ட அவளுக்கு நேரம் இல்லை. தட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கை கழுவ ஓடினாள்.

ஒப்பிடும் இடத்தை மாற்றினோம். பதில்களை வேரியபிளில் வாங்காமல் இரண்டு கோப்புகளில் எழுதி, அவற்றை ஒவ்வொரு பைட்டாக ஒப்பிட்டோம். பத்திகள் போயின. பொய்யனை ஓட்டினோம்: முழுக்கச் சிவப்பு. நான் கைதட்டினேன். பிறகு அவளுடைய உண்மையான எடிட்டரை ஓட்டினோம்.

பச்சை, பச்சை, பச்சை, சிவப்பு. இன்னும் கொஞ்சம் பச்சை, மறுபடி சிவப்பு.

சிவப்பானவை எல்லாம் ஒரே ஜாதி. கடைசி வரிக்கு நியூலைன் இல்லாத கோப்புகள். பழைய எடிட்டர் அவற்றை இருந்தபடியே விட்டது. தங்கையின் எடிட்டர் பெரிய மனது பண்ணி, இல்லாத நியூலைனை ஒட்டவைத்து அனுப்பியது. வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அதைத்தான் செய்திருக்கிறது. ஷெல் தின்றுவிட்டதால் எங்களுக்குத் தெரியவில்லை.

"திங்கக்கிழமை அந்த மாதிரி ஃபைல் இருக்கிற சர்வர் எல்லாம் ஒரே நேரத்துல படுத்துக்கும்" என்றாள் மெதுவாக. "அப்புறம் அந்தத் தொழில்ல என் பேரையே யாரும் எடுக்க மாட்டாங்க."

"ஒரு வாரம் டைம் கேளேன்."

"என் வயசுக்காரி டைம் கேக்கக் கூடாதுண்ணா. கெழவி திணறுறான்னு அடுத்த ஆளைப் பாத்துக்குவாங்க." லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். "வியாழக்கெழமைக்கு அப்புறம் யாரும் தொடக் கூடாதுன்னு விதி போட்டது யாரு?"

"நான்தான். அதைத் தளர்த்தவும் எனக்கு அதிகாரம் உண்டு."

"யாரு குடுத்தா?"

"விதியை எழுதினவன்."

முதல் திருத்தம் எளிது: வந்த வரியில் நியூலைன் இருந்தால் எழுது, இல்லையென்றால் எழுதாதே. எழுதினாள். சிவப்பாக இருந்தவை பச்சையாயின. அவள் மூச்சு விடுவதற்குள், அதுவரை பச்சையாகவே இருந்த ஒரு டெஸ்ட் சிவப்பானது. அடுத்தடுத்து இரண்டு கோப்புகளைக் கொடுக்கும் டெஸ்ட் அது. முதல் கோப்பின் கடைசி வரிக்கு நியூலைன் இல்லாததால், இரண்டாவது கோப்பின் முதல் வரி அதன் முதுகில் ஏறி ஒட்டிக்கொண்டுவிட்டது.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். ஒன்றைச் சரிசெய்யப் போய், சரியாக இருந்த இன்னொன்று கெட்டது. இத்தனை நாளாக நான் தூண்டில் போட்டுக் காத்திருந்தது இதற்காகத்தான். புத்தகத்தில் மட்டுமே பார்த்த பறவை ஜன்னலில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. சத்தம் கேட்டு ஓனர் மேலே வந்தார்.

"என்னங்காணும், சிவப்பைப் பார்த்துட்டா இப்படிக் குதிக்கிறீர்?"

"நேத்து வரைக்கும் இந்த டெஸ்ட்டுங்களுக்குக் கண்ணே தெரியல சாமி. இன்னிக்கித்தான் தெரியுது."

"வாஸ்தவம். எனக்குக் காட்ராக்ட் பண்ணினப்போ முதல்ல தெரிஞ்சது எங்காத்து ஒட்டடைதான். ஆத்துக்காரிகிட்ட சொல்லி, அன்னிக்குச் சாப்பாடு லேட்."

"அண்ணா, அவரை அனுப்பிட்டு இங்க வா" என்றாள் தங்கை, திரும்பாமலேயே.

இரண்டாவது திருத்தத்தை அவள் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டாள். நியூலைன் இல்லாத வரி வந்தால், இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். அதற்குப் பிறகு எழுத வேறு எதுவும் வராவிட்டால் அப்படியே முடித்துவிடு. ஏதாவது வந்தால், முதலில் அந்த நியூலைனைப் போட்டுவிட்டு அதை எழுது. நான் பக்கத்தில் உட்கார்ந்து புதிய டெஸ்ட்களை எழுதினேன்: இரண்டு கோப்பு, மூன்று கோப்பு, நடுவில் காலிக் கோப்பு, கடைசி வரியை இரண்டு தடவை அச்சிடும் கட்டளை. மதியச் சாப்பாட்டை இருவரும் மறந்தோம்.

ஓட்டினாள். கீழே இறங்கிக்கொண்டே போன பச்சை ஓரிடத்தில் ஒரு நொடி நின்றது. இருவரும் குனிந்தோம். மிக நீள வரி டெஸ்ட், அது எப்போதும் தாமதிக்கும். பிறகு ஓடி முடிந்தது. எல்லாம் பச்சை. பொய்யர்கள் மூவரையும் வரிசையாக நிறுத்தி ஓட்டினோம். மூவரும் சிவப்பு. என் சர்வீஸில் எந்த விசாரணையும் இத்தனை சுத்தமாக முடிந்ததில்லை.

அனுப்பும் நேரத்தில்தான் சண்டை வந்தது. இன்று காலைதான் இந்தத் தவறைக் கண்டுபிடித்தோம், இன்றுதான் திருத்தினோம் என்று மெயிலில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"கேக்காததைச் சொல்லாதேம்மா. இதுதான் அடிப்படை நடைமுறை. கடைசி நாள்ல கை வெச்சாங்கன்னு தெரிஞ்சா எவன் எடுப்பான்?"

"நானா இருந்தா, சொன்னவளைத்தான் எடுப்பேன்."

"நீ எடுக்கற எடத்துல இல்லையே."

"அதனால இன்னா" என்று அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சர்ச்சுக்குப் போனோம். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை நான் சித்தூர் திரும்பவில்லை. போன் மேசைமேல் கிடந்தது. அவள் பீரோவில் அடுக்கியிருந்த துணியையெல்லாம் வெளியே எடுத்து மறுபடி அடுக்கினாள். பதினொரு மணிவாக்கில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், நத்திங் ஹேப்பண்ட்" என்றது ஒரு இளைஞனின் குரல்.

"நத்திங்?"

"ஒண்ணுமே நடக்கல மேடம். ஒரு சர்வர்கூட விழல. அந்த நியூலைன் இல்லாத ஃபைல் எங்ககிட்ட எக்கச்சக்கம் இருக்கு. உங்க மெயிலைப் பார்த்துட்டுத்தான் நாங்களே தேடிப் பார்த்தோம்." கொஞ்சம் நிறுத்தினான். "எப்போ ஜாயின் பண்றீங்க? திருப்பதியிலிருந்தே பண்ணலாம்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "யோசிச்சிட்டுச் சாயங்காலம் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் போனை அவள் பக்கம் நகர்த்தினேன். "இன்னாம்மா பண்ற? சரின்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?"

"எத்தினி கம்பெனி என்னை வெயிட் பண்ண வெச்சிருக்கும்? இவங்க சாயங்காலம் வரைக்கும் பண்ணட்டும்."

"அதுக்குள்ள வேற ஆளைப் பிடிச்சிட்டான்னா?"

"பிடிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே காபி கலக்கப் போனாள். எனக்கு ஒரு டம்ளரும் தனக்கு ஒன்றுமாகக் கொண்டுவந்து வைத்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாள். என் காபி குடிக்கிற சூட்டுக்கு வருவதற்குள் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டுச் சரி என்று சொல்லிவிட்டாள்.