இடது கைப்பிடி

என் தங்கையை யார் வீட்டுக்கும் அழைத்துப்போக எனக்குப் பிடிக்காது. போன இடத்தில் சும்மா உட்கார மாட்டாள். நாற்காலியை முதலில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் அவளுக்கு. திருகாணி எந்தக் காலத்தது, கால் பிறகு மாற்றியதா, பிரம்பு கையால் பின்னியதா என்றெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அதில் உட்காருவாள். என் புகுந்த வீட்டுக்கு முதல் தடவை வந்தபோதே மாமியாரின் நாற்காலியைத் தலைகீழாக நிறுத்திவிட்டாள். மாமியார் இன்றுவரை அவளைக் ‘கவிழ்க்கிறவ’ என்றுதான் சொல்கிறார்.

அவள் படித்தது வடிவமைப்பு வரலாறு. சொந்தக்காரர்கள் அது என்ன படிப்பு என்று கேட்டால் அம்மா திணறிப்போவாள். நாற்காலி, மேஜை, இஸ்திரிப்பெட்டி எல்லாம் எப்படி வந்தன என்று படிக்கிறாள் என்பாள். வண்டியில்தான் வந்திருக்கும் என்று சித்தப்பா ஒருநாள் சொன்னார். வீடே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல், எந்தத் தொழிற்சாலையிலிருந்து, யார் வரைந்த படத்தைப் பார்த்துச் செய்து வந்தது என்று அவரைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பாவின் சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம்.

படித்து முடித்ததும் அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்தது. தற்காலிக வேலை, வருடா வருடம் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கிற மாதம் வந்தாலே அவளுக்கு இருப்புக் கொள்ளாது. சாப்பிட உட்கார்ந்தாலும் வலது கை சோற்றில் இருக்கும், இடது கை நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் வார்னிஷ் போய் மரம் வெளுத்துவிட்டது. அம்மா அதில் ஒரு பழைய துண்டைச் சுற்றிக் கட்டினாள். எனக்கு அவளைப் பார்த்தால் எரிச்சலும் வரும், பாவமாகவும் இருக்கும். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. அவள் வேலையில் எதுவும் முடிவதாகத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு நிரந்தர இடம் வந்தது. நேர்காணலில் சொந்த ஆராய்ச்சி ஒன்றை விளக்கிப் பேச வேண்டும். அவளிடம் ஒன்று தயாராக இருந்தது. அருங்காட்சியகக் கிடங்கில் ஒரு மர நாற்காலி, மூடிப்போன தொலைபேசி நிலையத்திலிருந்து நன்கொடையாக வந்தது. அதன் வலது கைப்பிடி புதிது போல இருந்தது. இடது கைப்பிடி மட்டும் மெருகு போய், லேசாகக் குழிந்தே போயிருந்தது. இவள் அதை வைத்து ஒரு கட்டுரை எழுதிவிட்டாள். அந்தக் காலத்தில் இணைப்புக் கொடுத்த பெண்கள் வலது கையால் கம்பிகளைச் சொருகிக்கொண்டே, அடுத்த அழைப்பை நினைத்த பதற்றத்தில் இடது கையால் கைப்பிடியை நெருடிக்கொண்டிருந்தார்கள் என்பது அவள் கண்டுபிடிப்பு. கைப்பிடியில் ஒட்டியிருந்த ஒரு சொட்டுப் பச்சை பெயிண்ட், அந்த நிலையத்துச் சுவரின் நிறம் என்று அடிக்குறிப்பு வேறு. அவளுக்கு மேலே இருக்கிற தலைமைக் காப்பாளர் சுலபத்தில் யாரையும் பாராட்டாத மனுஷி. அவரே, இது போதும், வேலை உனக்குத்தான் என்றாராம். அன்றைக்கு வீட்டில் அவள் இடது கை சும்மா இருந்தது.

நேர்காணலுக்கு முந்தின வாரம், கரையான் வந்துவிட்டது என்று அருங்காட்சியகத்தில் அவள் உட்காரும் ஆராய்ச்சி அறையிலிருந்த பெரிய அலமாரியை நகர்த்தினார்கள். அந்த அறைக்கு வெள்ளை அடித்தவர்கள் அலமாரியை அசைக்காமல் அதைச் சுற்றியே அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் பின்னால் மட்டும் சுவர் பழையபடி பச்சையாக இருந்தது. பார்த்ததும் இவள் கிடங்குக்கு ஓடிப்போய் நாற்காலியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். அதே பச்சை. தேய்மானம் அந்தச் சொட்டைப் பாதியாகத் தின்றிருந்தது. அப்படியென்றால் பெயிண்ட் சிந்தியது முதலில், அதுவும் இந்த அறையில்; கைப்பிடி தேய்ந்தது அதற்கப்புறம்.

ஓய்வு பெற்றுவிட்ட பழைய காப்பாளரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டாள். அவர் சாதாரணமாகச் சொன்னார். நாற்காலி வந்த புதிதில் கிடங்கில் இடமில்லை, அதனால் ஆராய்ச்சி அறையிலேயே போட்டுவிட்டார்களாம். பதிவு எண் கொடுத்துக் கிடங்குக்கு அனுப்பியது வெகு காலம் கழித்துத்தான். அதுவரை இவளுக்கு முன்னால் இருந்த தற்காலிக ஆராய்ச்சி உதவியாளர்கள் ஒவ்வொருவராக அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தருக்கும் வேலை நிரந்தரமாகவில்லை.

அன்று மாலை நான் அம்மா வீட்டுக்குப் போனபோது அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பயம் வந்தது.

“அலமாரியைப் பழைய இடத்துலயே தள்ளி வச்சுடு. நேர்காணல் முடியட்டும், பொறுமையா திருத்திக்கலாம்” என்றேன்.

“நான் பாத்துட்டேனே அக்கா.”

“பாத்ததை எல்லாம் சொல்லணும்னு இருக்கா? மருந்துக்கடையில நான் வாயைத் திறந்தா பாதி குடும்பம் பிரிஞ்சுடும்.”

அவள் நாற்காலிக் கைப்பிடியில் அம்மா கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். வெளுத்த மரத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாரும் இந்த வேலைக்காகத் தவிச்சு தேய்ச்சது அது. நான் யாரோ போன் ஆபீஸ்காரங்க தவிப்புன்னு எழுதி வச்சிருக்கேன். ஊர்ல எவனுக்கும் தெரியலைன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. உன் பிடிவாதத்தை வைத்துக்கொண்டு நாற்காலிகளோடேயே குடித்தனம் நடத்து என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை.

நேர்காணலில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், தப்பான கட்டுரையைத் தூக்கிக்கொண்டு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாராம். தலைமைக் காப்பாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. தேர்வில் அவளுக்கு இரண்டாமிடம்தான் கிடைத்தது. நான் சில நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். அவள் தற்காலிக வேலைக்கே திரும்பிப் போய், யாரும் கேட்காமலே அந்தக் கட்டுரையை முதலிலிருந்து மாற்றி எழுதினாள்.

முதலிடம் பிடித்தவருக்கு அதற்குள் வேறெங்கோ பெரிய வேலை கிடைத்து, அவர் வந்து சேரவே இல்லை. நியமன உத்தரவு இவள் பெயருக்கு வந்தது. உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பலன் என்று அம்மா சொல்லிக்கொண்டு திரிகிறாள். அந்த ஆள் வராததால் கிடைத்த வேலை என்பது எனக்குத் தெரியும், தங்கைக்கும் தெரியும். நாற்காலி இப்போது காட்சிக்கூடத்தில் இருக்கிறது. தேய்ந்த கதையைப் பக்கத்து அட்டையில் போடத் தலைமைக் காப்பாளர் ஒப்புக்கொள்ளவில்லை. ‘மர நாற்காலி’ என்று மட்டும் போட்டிருக்கிறது.

பதவி வந்ததும் தங்கை செய்த முதல் காரியம், ஆராய்ச்சி அறைக்குக் கைப்பிடி இல்லாத நாற்காலி வாங்கிப் போட்டதுதான். இதைக் கேட்டு அம்மாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

போன வாரம் அவள் மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க அங்கே போனேன். அவளுடைய பழைய இடத்தில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தற்காலிகம்தான், வருடா வருடம் புதுப்பிப்பார்கள். நிமிர்ந்து வணக்கம் சொல்லிவிட்டு மறுபடி திரையைப் பார்க்க ஆரம்பித்தாள். வலது கை எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லாததால், இடது கைக் கட்டைவிரல் மேஜையின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பார்வையும் அந்த விரலில்தான் இருந்தது.

வாசல்வரை என்னோடு நடந்து வந்தாள்.

“வருஷம் முடியறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு ஏதாவது செய்யணும் அக்கா.”

“உன்னால முடியுமா?”

பேருந்து நிறுத்தத்துக்கும் கூடவே வந்தாள். பேருந்து வரும்வரை அவள் இடது கை என் கைப்பையின் வாரை நெருடிக்கொண்டே இருந்தது. நான் பையை இழுத்துக்கொள்ளவில்லை.