ஆறு நிமிடம் மெதுவான கைக்கடிகாரம்

மரகதம் சிஸ்டர் காலமாகிவிட்டார் என்று தொலைபேசியில் சொன்ன குரலை நான் முதலில் நம்பவில்லை. "நீங்க யாரு, எங்கேருந்து பேசுறீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பேசியவர் சிஸ்டரின் அண்ணன் மகன், வண்டியூர்க்காரர். "அத்தை காலையில தவறிட்டாங்க சார். உங்களுக்குக் கட்டாயம் சொல்லணும்னு அப்பா சொன்னாரு" என்றார். அதன் பிறகும் பழைய நண்பர் ஒருவரை அழைத்து உறுதி செய்துகொண்டுதான் சட்டையை மாட்டினேன். என் குணம் அப்படி. காலமெல்லாம் கம்பவுண்டராக இருந்தவன் நான். பாட்டிலில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்த பிறகும் மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்து பார்க்காமல் யாருக்கும் மருந்து கொடுத்ததில்லை.

சிஸ்டரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுபதுகளின் நடுவில் அவர் பிரசவம் பார்க்கும் நர்சாக வந்தார். எனக்கு அங்கே அப்போதே சில வருட அனுபவம். மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கிய அன்றே ஊர் அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டது. அதில் ஆச்சரியமில்லை. அந்த ஊர் எதைத்தான் நம்பியது? என் சிவப்பு மிக்சரில் பாதிக்கு மேல் தண்ணீர் என்றார்கள். ஊசிக்குள் மருந்து இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். சிஸ்டர் விஷயத்தில் அவர்களுக்குக் கிடைத்தது அவருடைய கைக்கடிகாரம்.

அது ஆண்கள் கட்டும் கடிகாரம். பெங்களூரில் செய்தது, சாவி கொடுக்கிற வகை, சாதாரணச் சம்பளக்காரர்கள் வாங்கிக் கட்டுவது. வெள்ளை முகம், கறுப்பு எண்கள், காக்கிப் பட்டை. கல்யாணமாகாத பெண்ணின் கையில் ஆம்பளை வாட்ச் எப்படி வந்தது, கொடுத்தவன் யார் என்று டீக்கடையில் பேசினார்கள். நானும் மனதுக்குள் கேட்டுக்கொண்டவன்தான். ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டேன். "நானேதாண்ணே வாங்குனேன். பொம்பள வாட்ச்சுல முள்ளு எறும்புக் காலு மாதிரி இருக்கு. நாடி புடிச்சுப் பாக்க நொடி முள்ளு கண்ணுக்குத் தெரிய வேணாமா?" என்றார். அதைவிட நேரான பதில் இருக்க முடியாது. ஆனாலும் ஊர் வேறு கதையைத்தான் விரும்பியது. அவர் கூலிக்காரர் வீட்டுப் பெண் என்று தெரிந்த பிறகு, அவர் சொன்ன மணியைக்கூட இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்கும் ஆட்கள் இருந்தார்கள்.

அந்தக் கடிகாரம் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிருமிநாசினித் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. வலியில் துடித்த ஒரு பெண் கையைத் தட்டிவிட்டதில் சுவரில் மோதிக் கண்ணாடி கீறியது. மழையில் நனைந்து உள்ளே ஆவி படிந்தபோது சிஸ்டர் அதைக் கழற்றி வெயிலில் கொஞ்ச நேரம் காயவைத்துவிட்டு மறுபடி கட்டிக்கொண்டார். அது பாட்டுக்கு ஓடியது. அப்போது என் மச்சான் சிங்கப்பூரிலிருந்து எனக்கு ஒரு கடிகாரம் கொண்டுவந்திருந்தார். முள்ளே கிடையாது, எண்கள்தான். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். அதைக் காட்டி சிஸ்டரைக் கொஞ்சநாள் சீண்டினேன். திடீரென்று ஒரு காலையில் அது இருண்டுபோனது. அதற்கேற்ற பேட்டரி உசிலம்பட்டியில் இல்லை, மதுரை கோரிப்பாளையத்திலும் இல்லை. மச்சான் வருத்தப்படுவாரே என்று செத்த கடிகாரத்தையே கட்டிக்கொண்டு திரிந்தேன். "ஒங்க வாட்ச் நல்லாத்தாண்ணே இருக்கு, மணிதான் காட்ட மாட்டேங்குது" என்று சிரித்தார் சிஸ்டர். பிறகு ஒன்று சொன்னார். "இது நின்னா நான் சாவி குடுக்கலைன்னு அர்த்தம். தப்பு யாரு மேலன்னு தெரிஞ்சுரும். ஒங்களுது நின்னா யாரப் போயிக் கேக்குறது?"

எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்ததும் ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, பிறந்த நேரம் என்ன என்பது. அந்த நேரத்தைக் கொண்டுதான் ஜாதகம் எழுத வேண்டும். சுகாதார நிலையத்துச் சுவர்க் கடிகாரம் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். ஆகவே சுற்றியிருந்த ஊர்களின் பிள்ளைகள் எல்லாரும் சிஸ்டரின் கைக்கடிகாரப்படிதான் பிறந்தார்கள். அதையும் சந்தேகப்பட்டார்கள். "அப்பத்தா கோழி கூவுச்சுன்னு சொல்லுது, நீங்க நாலரைங்கிறீக" என்று வந்து நிற்பார்கள். அவர் அசைய மாட்டார். "எனக்கு நட்சத்திரம் தெரியாது. மூச்சு வந்த நேரம் தெரியும்" என்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் சாயங்காலம் பக்கத்து ஊர்ப் பெரிய விவசாயக் குடும்பம் ஒன்றின் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாவது பெண். சிஸ்டர் நேரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு பஸ் ஏறி ஜோசியரைப் பார்த்த அந்த வீட்டு ஆள் மறுநாள் மதியம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். ஆயில்யம். இன்னும் நாலு நிமிடம் கழித்துப் பிறந்திருந்தால் மகம் என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். ஆயில்யத்தில் பிறந்த பெண் போகிற வீட்டு மாமியாருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் இருக்கிற வித்தியாசத்தில் நாலு நிமிடம் எந்த மூலைக்கு என்று எனக்குத் தோன்றியது. அந்த வீட்டுப் பெரியவரிடம் அதை யார் சொல்வது?

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்றார். "ஏம்மா நர்சு, அந்த நேரத்தக் கொஞ்சம் மாத்தி எழுதிக் குடுத்துரு" என்றார்.

"நான் பாத்தத எழுதுனேன்யா. மாத்த முடியாது."

"அப்ப ஆத்தாளையும் மகளையும் அவ அப்பன் வீட்டுக்கே அனுப்பிர வேண்டியதுதான். இதைய நாளைக்கு எவன் கட்டுவான்?"

அவர் மனைவி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியதெல்லாம் உள்ளே கட்டிலில் கிடந்த மருமகளுக்குக் கேட்டது. மதியம் கொண்டுவந்த கஞ்சியை அவள் தொடவே இல்லை. பக்கத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு சீட்டை மாற்றி எழுதினால் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்குச் சிஸ்டர் மேல் கோபம் வந்தது.

சிஸ்டர் உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "எழுதுனதுல தப்பில்ல. வாட்ச்சுல சந்தேகம்னா வாட்ச்சப் பாத்துக்கங்க. டீக்கடை ரேடியோவுல செய்திக்கு முன்னாடி நேரம் சொல்லுவாங்கல்ல" என்றார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று மருமகள் படுத்திருந்த அறைக்குள் போனார். கதவு பாதி திறந்திருந்தது. அவருடைய முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வரவில்லை. முழங்கை மட்டும் லேசாக அசைந்தது.

டீக்கடையில் கூட்டம் கூடிவிட்டது. கடிகாரத்தைப் பெரியவரே கையில் வாங்கி வைத்துக்கொண்டார். ரேடியோவில் நேரம் சொல்லும் ஒலி வந்தது. எல்லாத் தலைகளும் குனிந்தன. கடிகாரம் ஆறு நிமிடம் மெதுவாக இருந்தது. "நாந்தேன் அப்பவே சொன்னேன்ல" என்றார் பெரியவர். அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. இன்று மெதுவாக ஓடினால் நேற்றும் மெதுவாகத்தானே ஓடியிருக்கும்? எல்லாவற்றையும் சந்தேகப்படும் அந்த ஊரில் ஒருவர்கூட இதை மட்டும் சந்தேகப்படவில்லை. பேத்தி மகத்தில் பிறந்தவள் என்று டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் காபி வாங்கிக் கொடுத்தார் பெரியவர். இரண்டு நாளில் தாயையும் பிள்ளையையும் வண்டி வைத்து வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

எனக்கு மட்டும் அந்த முழங்கை மனதை விட்டுப் போகவில்லை. யோசித்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. சீட்டை மாற்றிக் கொடுத்திருந்தால் அது பொய் என்று அந்த வீட்டுக்கே தெரிந்திருக்கும். நாளைக்கு வீட்டில் யாருக்குத் தலை வலித்தாலும் குழந்தையைத்தான் பார்த்திருப்பார்கள். அவர்களாகவே கண்டுபிடித்த தவறு என்றால் கடைசிவரை நம்புவார்கள். இவ்வளவையும் வராந்தாவில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் கணக்குப் போட்டாரா, இல்லை நான்தான் இல்லாததை இட்டுக்கட்டுகிறேனா? மறுநாள் காலையில் அவர் கடிகாரமும் ரேடியோவும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருந்தன. "என்ன சிஸ்டர், சரியாயிருச்சு போல" என்றேன். "சாவி குடுத்தா சரியாயிரும்ணே" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல. சிஸ்டர் வாட்ச் ஸ்லோ என்று ஊரெல்லாம் பரவியது. பிரசவத்துக்கு வந்தவர்கள் நேரத்துக்குப் பேரம் பேசினார்கள். ஜோசியர்கள் ஒரு படி மேலே போனார்கள். "எங்க பொறந்துச்சு? மரகதம் நர்சு வாட்ச்சா? அப்ப ஆறு நிமிஷம் கூட்டிக்க" என்று அவர்களாகவே கூட்டிக் கணித்தார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு தலைமுறையின் ஜாதகமே இப்படி ஆறு நிமிடம் தள்ளித்தான் இருக்கிறது. என் இளைய மகன் ஜாதகமும் அதில் சேர்த்தி. கெட்ட பெயர் போகட்டும், புது வாட்ச் வாங்கிக்கொள் என்று எங்கள் நிலையத்து டாக்டர் சொன்னார். பேட்டரி கடிகாரங்கள் மலிவாக வர ஆரம்பித்த காலம். "ஓடுற வாட்ச்ச எதுக்கு சார் கழட்டணும்?" என்று கேட்டுவிட்டு சிஸ்டர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஓய்வு பெறும்வரை அதே கடிகாரம்தான். பட்டையை மட்டும் எத்தனையோ முறை மாற்றினார். நானும் ஏதாவது சாக்கில் அந்த நாளைப் பற்றிக் கேட்டுப் பார்ப்பேன். அவர் பிடிகொடுத்ததே இல்லை.

இறந்த செய்தி கேட்டுப் போன அன்று வண்டியூரில் அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் மாலையோடு வந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, அழுத கண்ணோடு என்னிடம் வந்தாள். பெரியவரின் மூன்றாவது பேத்தி என்று சொன்னாள். "நீங்கதான கம்பவுண்டர் சார்? சிஸ்டர் வாட்ச் அன்னிக்கு நெசமாவே ஸ்லோவா ஓடுச்சா?"

ஒரு கணம் தயங்கினேன். "ஸ்லோதாம்மா. ரேடியோவ வச்சு நானே பாத்தேன்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தக் குடும்பத்துப் பார்வைதான். "தாத்தாவும் அப்பத்தாவும் போனதுக்கு அப்பறம் அம்மா எங்கிட்டச் சொன்னாங்க சார். அன்னிக்கு சிஸ்டர் உள்ள வந்து வாட்ச்சக் கழட்டி முள்ளத் திருப்பி வச்சாங்களாம். அம்மா கட்டில்ல படுத்துக்கிட்டே பாத்துட்டாங்க. சிஸ்டர் ஒண்ணுமே சொல்லலையாம். கஞ்சிய எடுத்து அம்மா கையில குடுத்துட்டு வெளிய போயிட்டாங்களாம்."

இவ்வளவு கேட்ட பிறகும் என் புத்தி போகவில்லை. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன். "உன் மாமியார்?"

"அவங்களுக்கு என்ன, நல்லா இருக்காங்க. எம்பது தாண்டிருச்சு. சிஸ்டரக் கடைசியா ஒரு தடவ பாக்கணும்னு அவங்கதான் ஆட்டோ புடிக்கச் சொன்னாங்க. எறங்க முடியல, வெளியதான் இருக்காங்க."

எழுந்து போய்ப் பார்த்தேன். ஆட்டோவுக்குள் ஒரு கிழவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "ஏட்டி, வெயில்ல உக்கார வச்சுட்டு எம்புட்டு நேரம் அங்க என்ன பேச்சு?" என்று மருமகளை உரத்த குரலில் வைதார். மரகதம் சிஸ்டர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் குரல்தான்.