பீங்கான் கவசம்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். இன்பசேகரன் சாகும்வரை யாரையும் நம்பவைக்க முயன்றதில்லை.

ஆந்திராவிலிருந்து பிரிந்து திருத்தணி மெட்ராஸோடு சேர்ந்த வருஷம். புத்தூருக்கு வெளியே மலையடிவாரத்தில் சம்பத்துக்கு ஒரு பீங்கான் சூளை இருந்தது. சம்பத்தும் இன்பசேகரனும் பர்மா சண்டையில் ஒரே குழியில் படுத்துக் கிடந்தவர்கள். துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் கவசம் செய்யப்போகிறேன் என்று சம்பத் சொல்லியனுப்பியதும், இன்பசேகரன் சித்தூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தான்.

கவசத்தின் முன்பக்கம் கனத்த பீங்கான் பலகை. பின்னால் இரும்புத் தகடு. பாய்ந்து வரும் குண்டின் மூக்கைப் பீங்கான் நசுக்கும். மிச்சத்தை இரும்பு பிடித்துக்கொள்ளும். மணல் மூட்டையில் கட்டிச் சுட்டபோதெல்லாம் பிடித்தது.

"மூட்டைய சுட்டுக் காட்டுனா பாக்க வர்ற பட்டாளத்து ஆபீசருங்க சிரிப்பாங்கோ," என்றான் சம்பத். "ஒரு மனுசன் போட்டுக்கினு நிக்கணும்."

"யாரு சுடறது?"

"நான்தான்."

இன்பசேகரனுக்கு அது போதும்.

அன்று சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, கவசத்தை மாட்டிக்கொண்டு பாறைச் சுவரோரம் நின்றான். ஆபீசர்களின் ஜீப் வருகிறதா என்று பார்க்கச் சம்பத் ரோட்டுப் பக்கம் போனான்.

பின்னால் ஒரு சத்தம்.

கறக்... கறக்...

திரும்பினான். கட்டம் போட்ட சட்டையில் ஒருவன். உடம்பெல்லாம் வெள்ளைத் தூசி. ஒரு கையை மார்பில் அழுத்தியிருந்தான். அவன் மூச்சு விடும்போதுதான் அந்தச் சத்தம். உடைந்த ஓடுகள் உரசுவதுபோல.

"தட்டிப் பாருணா."

இன்பசேகரன் விரலை மடக்கிப் பலகையைத் தட்டினான். 'கிண்' என்று கேட்க வேண்டும்.

டொக்.

"விரிசலு. மேல பூசி மறைச்சிட்டான்."

கறக்...

நிமிர்ந்தான்.

யாருமில்லை. ஒளிய இடமும் இல்லை.

கவசத்தைக் கழற்றி மூட்டையில் கட்டினான். சுவரில் சாத்தியிருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டான்.

மூட்டையின் முதுகிலிருந்து மணல் கொட்டியது.

வெடிச்சத்தம் கேட்டுச் சம்பத் ஓடிவந்தான்.

"உனக்குத் தெரியும், இல்ல?"

சம்பத் தலையைத் தூக்கவில்லை. "வேற பலகை சூளையில சுட நாளு இல்ல. தாங்கும்னு நெனச்சேன்... எவன் சொன்னான் உனுக்கு?"

இன்பசேகரன் அந்தச் சட்டையைச் சொன்னான். மார்பில் வைத்த கையை. அந்த மூச்சை.

சம்பத்தின் கண் சூளையோரம் கிடந்த உடைந்த பீங்கான் குவியல் பக்கம் போனது. சட்டென்று திரும்பியது.

இன்பசேகரன் சொல்ல, ஜீப்பில் வந்தவர்கள் அந்தக் குவியலைத் தோண்டினார்கள்.

உள்ளே கோவர்த்தனன். சம்பத்தின் மனைவியுடைய தம்பி. எல்லை பிரித்ததும் திருத்தணிப் பக்கம் போய்விட்டான் என்று அவளிடமே சொல்லி வைத்திருந்தான் சம்பத். கட்டம் போட்ட சட்டை. மார்பில் குண்டு, அதைச் சுற்றிப் பீங்கான் சில்லுகள்.

பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டர், வெகுநாள் கழித்துத்தான் இன்பசேகரனிடம் அதைச் சொன்னார்.

குண்டு அவனைக் கொல்லவில்லை. மூச்சுக்குழாய் முழுக்கப் பீங்கான் தூள். புதைத்த பிறகும் அவன்... மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.